ஒலிபெருக்கியில் ஓர் அப்பா

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல சார். வேற யாரையாவது மைக் பிடிக்கச் சொல்லட்டுமா?” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

“எதுக்கு? என் பொண்ணு ஓடுறான்னா?”

“போன வருஷம் மைக் பிடிச்சவர் தன் தம்பி மகளுக்காகத் தொண்டை கிழியக் கத்திட்டார். மத்த பிள்ளைகளோட அப்பா அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. இன்னொரு புகார் வந்தா இந்தப் போட்டியே எங்க பள்ளியை விட்டுப் போயிடும்.”

“பயப்படாதீங்க. நான் ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றவன். வண்டி வந்தாலும் ஒரே குரல்தான், வராட்டியும் ஒரே குரல்தான்.”

மைக்செட்காரர் சிரித்துவிட்டார். “அண்ணே, பழக்க தோஷத்துல ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ன்னு ஆரம்பிச்சிடாதீங்க. அது சரி, அந்தக் கூட்டத்துல நம்ம பாப்பா எது?”

“சொல்ல மாட்டேன் தம்பி. சொன்னா நீ வால்யூமை ஏத்திடுவ.”

“எனக்காவது சொல்லுங்க” என்றார் ஆசிரியர்.

“உங்களுக்குச் சொன்னா உங்களுக்குத்தான் தூக்கம் போகும்.”

மைதானத்தின் உச்சியில் கண்ணாடி போட்ட சின்ன அறை அது. கீழே விளக்குகளைச் சுற்றி மாலைப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பல பள்ளிகளிலிருந்து சலித்து எடுத்த பெண்கள், ஒரு மைல் ஓட்டத்துக்காக, கோட்டில் இடம் போதாமல் தோளோடு தோள் இடித்தபடி நின்றார்கள். ஒலிபெருக்கியின் குரலைத் தவிர வேறெந்தச் சத்தமும் கண்ணாடியைத் தாண்டி வராது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கியிலிருந்து கொஞ்சம் புகை எழுந்தது. அத்தனை கால்களும் ஒன்றாக அசைந்தன.

“முதல் சுற்று. முன்னால் ஏழாம் எண். அடுத்து இரண்டாம் எண். அவரை ஒட்டிப் பன்னிரண்டாம் எண்.”

அறிவிப்பாளர் வாயை மூடிய பிறகு, எதிர்ப்புறக் கூரையில் பட்டு அதே வார்த்தைகள் நிதானமாகத் திரும்பி வந்தன. அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைச் சொல்வது தூக்கத்தில் பேசுவது மாதிரி இருந்தது. கீழே வண்ணச் சட்டைகள் ஓடுவதுபோலவே இல்லை, மிதந்தன. அவர் சொன்ன எண்களில் ஒன்று அவருடைய மகளுடையது. எது என்று அந்தக் குரலை வைத்துப் பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது.

“அண்ணே, மைக்கை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க.”

“குளிருதுப்பா.”

அவர் பார்வை, முன்னால் ஓடுகிறவர்களைத் தொட்டுவிட்டு, சூடு பட்டதுபோல உடனே பின்வரிசைக்கு வந்துவிடும். அங்கேயே நிற்கும். எத்தனையோ விடியற்காலைகளில் கூடவே சைக்கிள் மிதித்துப் பழக்கிய மகள். இன்றைக்கென்று பார்த்து வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு இருந்தது.

மூன்றாவது சுற்றின் வளைவில் யாருடைய குதிகாலோ யாருடைய முழங்காலிலோ பட்டது. நடுக்கூட்டம் அப்படியே சரிந்தது. விழுந்தவர்கள் மேல் சிலர் தாவினார்கள், சிலர் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். விழுந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்துவிட்டார்கள். மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி மட்டும் மண்டியிட்டபடி, சிராய்த்த தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிவிப்பாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“எந்திரிம்மா!”

ஆசிரியர் மைக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். அறிவிப்பாளரின் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

“ஒண்ணும் இல்லடா கண்ணு, எந்திரி! சின்னச் சிராய்ப்புதான். எந்திரிடா!”

எந்திரிடா என்று எதிர்ப்புறமும் மெதுவாகக் கூப்பிட்டது. அவள் தலையைத் தூக்கி, குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். எழுந்தாள். நொண்டினாள். பிறகு ஓட ஆரம்பித்தாள்.

“அப்படித்தான்! தோளைத் தளர்த்து. மூச்சை விடு. அவசரமே இல்ல, நான் இருக்கேன்ல?”

எண்ணும் கிடையாது, சுற்றும் கிடையாது. இத்தனை நேரம் விழுங்கி வைத்திருந்த குரல் மொத்தமும் வெளியே கொட்டியது. கண் நிறைந்து மைதானம் கலங்கிப் போனது. அந்தக் கலங்கலுக்குள் மஞ்சள் நிறம் ஒன்று மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

“சார், முதல் ஆள் கோட்டைத் தாண்டியாச்சு. அறிவிக்கணும்...” என்று ஆசிரியர் தயங்கினார்.

“இருங்க சார்!”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரி எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தபோது மைதானமே எழுந்து நின்றிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஆயிரக்கணக்கான கைகள் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தன.

மைக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். “மன்னிச்சிடுங்க சார். வாக்கைக் காப்பாத்தல.”

“விடுங்க. எந்த அப்பாவுக்குத்தான் மனசு கேட்கும்? ஒருத்தரும் புகார் சொல்ல மாட்டாங்க” என்றார் ஆசிரியர். மைக்செட்காரர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இல்ல சார், அந்தப் பொண்ணு...” என்று அறிவிப்பாளர் ஆரம்பிப்பதற்குள் கதவு திறந்தது. நீலச் சட்டையில் ஒரு பெண், படியேறி வந்த மூச்சு வாங்க, ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“நீதானேம்மா முதல்ல வந்தது? பரிசு மேடை கீழ இருக்கு. இங்க எதுக்கு வந்த?” என்றார் ஆசிரியர்.

“எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன் சார்” என்றவள் அறிவிப்பாளரைப் பார்த்தாள். “நான் ஜெயிச்சதைப் பாத்தீங்களாப்பா?”