சோத்துக்கை

மூன்று முறை திருத்தி அனுப்பியும் அதே பிழை.

‘அச்சுத் தொழில் செய்பவர்.’

அவள் பேனாவை மேசையில் எறிந்தாள். நாற்பது வருடத்துக்கு மேலாக மரக்கட்டையில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கிறாள். அதற்கு இந்தப் பட்டம்! போன மாதம்கூட எதிர்வீட்டுக்காரர், மகள் கல்யாணத்துக்கு இருநூறு பத்திரிகை அடித்துத் தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவளுடைய படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டப்போகும் முதல் கண்காட்சி. அதற்கான புத்தகம் இது. மாலை ஐந்து மணிக்கு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

1986, டெல்லி, தனிநபர் கண்காட்சி என்று போட்டிருக்கிறார்கள். தனியாவது மண்ணாங்கட்டியாவது! பதினேழு பேர் கலந்துகொண்டது. கழிவறைக்குப் பக்கத்துச் சுவர்தான் அவளுக்குக் கிடைத்தது.

எண்ணெய் வண்ணத்தில் வரைந்த மீனுக்கு, ‘கனவுவெளி’ என்று குறிப்பு.

கனவாம். அந்த வஞ்சிரத்தைக் காசு கொடுத்து வாங்கி, வீடே நாறும் வரை வைத்துப் பார்த்து வரைந்தாள். கண்ணால் பார்க்காத எதையும் அவள் வரைந்ததில்லை.

பக்கம் பதினான்கு.

அவளுக்கு விருது வாங்கித் தந்த படம். திண்டிவனத்தில் அம்மா நடத்திய இட்லிக்கடை.

அந்தப் படத்தில் கடைப்பலகையின் எழுத்து இடம்வலமாகத் திரும்பியிருக்கும். கட்டையில் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். இருபத்திரண்டு வயதில், கடைக்கு எதிரே உட்கார்ந்து, பார்த்தது பார்த்தபடியே செதுக்கிவிட்டாள். சுத்த மறதி.

சமூகத்தைப் புரட்டிப் போடும் பார்வை என்று எழுதினார்கள்.

ஐயோ, தப்புங்க, மறந்துட்டேங்க என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்ன தன்னடக்கம் என்று அதையும் எழுதினார்கள்.

இந்தப் பக்கத்தில் எழுத்து நேராக இருக்கிறது.

கண்காட்சியை நடத்தும் ரெஜினாவுக்குப் போன் போட்டாள்.

“எழுத்து திரும்பி இருந்துச்சு மேடம். டிசைனர் படத்தையே திருப்பிச் சரி பண்ணிட்டார்.”

“யாரைக் கேட்டும்மா திருப்பினீங்க? உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது...”

பாதியில் நின்றுவிட்டாள்.

திருப்பிப் போட்ட இந்தப் படத்தில் அம்மா தட்டில் இட்லி வைக்கிறாள். இடது கையால்.

அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். பீச்சாங்கையால் போட்டதைத் தின்ன மாட்டோம் என்று எழுந்து போனவர்கள் உண்டு. பசித்தால் தானாக வருவான் என்று அம்மா கையை மாற்றவே இல்லை.

அந்த இடது கையைத்தான் அவள் கட்டையில் செதுக்கினாள். தாளில் அது வலது கையாக விழுந்தது. எழுத்தைப் பார்த்துப் பாராட்டிய ஒருவர்கூடக் கையைக் கவனிக்கவில்லை.

அம்மா கவனித்தாள். விருதுக் கண்காட்சிக்கு பஸ் ஏறி வந்தவள், படத்தின் முன்னால் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“ஊரே சொல்லி நான் மாத்தல. நீ என்னைச் சோத்துக்கைக்கு மாத்திட்ட, இல்ல?”

கட்டை, தாள், இடது, வலது என்று எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள். அம்மா காதில் ஏறவில்லை. அதற்குப் பிறகு பதினொரு கண்காட்சி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒன்றுக்கும் அம்மா வரவில்லை. அது அவளுக்கு எந்த விருதாலும் ஆறாத வலி.

“மேடம், லைன்ல இருக்கீங்களா? பழையபடி மாத்திடச் சொல்றேன்.”

“மாத்தாதே.”

“சுவத்துல மாட்டுறது வேற மாதிரி இருக்குமே மேடம். பாக்குறவங்க கேப்பாங்களே?”

“சுவத்துல இருக்கிறது என் தப்பு. புஸ்தகத்துல இருக்கிறது உங்க தப்பு. உங்க தப்பே இருக்கட்டும், விடு.”

போனை வைத்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக் கதவைத் தள்ளினாள்.

“அம்மா, கண்ணாடிய எங்க வச்ச?”