ஆடாமல் ஒரு படம்

ஸ்கேன் அறை வாசலில் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் மூளை அமைப்பு எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கும் ஆய்வு அது. அதில் சேர, நாற்பது வயதுத் தம்பி நாள்காட்டியைக் கிழித்துக் கிழித்துக் காத்திருந்தான். படுத்தவர் அசைந்தால் படம் கலங்கிவிடும், ஆளைக் கழித்துவிடுவார்கள்.

ஸ்கேன் எடுத்தவர் உதட்டைப் பிதுக்கியபடி வந்தார். "ஒரு படம் தேறலைம்மா."

"கால்ல சக்கரம் கட்டினவன் சார் அவன். தள்ளிடாதீங்க, இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க."

"உங்க தம்பி கல்லு மாதிரி படுத்திருந்தாரு. ஒப்பிட்டுப் பாக்க உங்களையும் எடுத்தோமே, அதுதான் ஒரே ஆட்டம்."

தம்பி அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான்.

"போய்ப் படுக்கா. பயந்தா கையில குடுக்கிற மணிய அமுக்கு, வெளிய எடுத்துடுவாங்க. நான் இங்கயேதான் நிப்பேன்."