உப்பு கடைசியில்

"வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி, மாங்காயைத் துருவி, ஊறின அவல்ல போட்டுக் கலக்குறதுக்கு இருபத்திரண்டு நாளா? என் வீட்டுப் பூனைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாக்கூட இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும்!"

உத்திரமேரூரிலிருந்து வந்த ஜீப்பை விட்டு இன்னும் முழுசாக இறங்கக்கூட இல்லை, அதற்குள் தாமோதரன் ஆரம்பித்துவிட்டார். பிளாக் ஆபீஸில் அவர் விரிவாக்க அதிகாரி. பதினெட்டு வருஷ சர்வீஸில் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்கிற மனுஷர்.

கிராம சேவிகா ஆதிலட்சுமி வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆவதும் ஆகாததும் இன்று தாமோதரன் எழுதப்போகிற ரிப்போர்ட்டில் இருந்தது.

'பருவத்துக் காய்கறியில் எளிய கோடை உணவு' என்று சர்க்கார் ஒரு பாடம் போட்டிருந்தது. அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். பெண்கள் கற்றுக்கொள்ளும்வரை செய்து காட்டுவதற்கு அவல், பாசிப்பருப்பு, காய் எல்லாம் பிளாக் ஆபீஸே அனுப்பும். கற்றுக்கொண்டார்கள் என்று எழுதிவிட்டால் மூட்டை அடுத்த ஊருக்குப் போய்விடும். மற்ற ஊர்களில் மூன்றே நாளில் போய்விட்டது.

இந்த ஊரில் மட்டும் ஏன் இழுக்கிறது என்றுதான் தாமோதரனுக்குப் புரியவில்லை. ஏரி வறண்டு, சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவே இல்லாமல் போய்விட்ட வருஷம் அது. கூலிக்காரப் பெண்களுக்கு வயலில் வேலை கிடையாது, பொழுதுக்கும் சும்மாதான் இருக்கிறார்கள். பாடம் படிக்க இதைவிட வசதி உண்டா?

கூடியிருந்த பெண்களில் முன்னால் நின்ற செல்லாயியைப் பிடித்தார்.

"நீ சொல்லும்மா. முதல்ல என்ன செய்யணும்?"

"அடுப்ப மூட்டணுங்க."

"அடுப்பே இல்லாத சமையல்மா இது!"

"அப்பிடீங்களா? டீச்சரம்மா சொல்லிக்கினுதான் கீறாங்க. எனக்குத்தான் மறந்து பூடுது."

மார்த்தாளைக் கேட்டார். வெள்ளரிக்காயை வேகவைக்கணும் என்றாள். பவளத்தைக் கேட்டார். மாங்கொட்டையைத் துருவணும் என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தாமோதரன் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் மரத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளைப் பார்த்தார். முப்பது பேர் இருக்கும். வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பூவரசு இலையை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுங்களுக்கு இங்க என்ன வேலை?"

"அதுங்களும் பாத்துக் கத்துக்கினா நல்லதுதானுங்களே," என்றாள் மார்த்தாள்.

"நீங்க கத்துக்கிட்ட லட்சணம் போதாதா?" என்றவர் ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பினார். "எங்கேம்மா, என் எதிர்ல ஒருதடவை செய். கோளாறு உன்கிட்டயா, இவங்ககிட்டயான்னு பார்த்துடறேன்."

ஆதிலட்சுமி அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். வெள்ளரிப்பிஞ்சை எப்படியோ நறுக்கிச் சட்டியில் போட்டாள். பதற்றத்தில் உப்பை ஒரு கை அள்ளினாள்.

"ஐயையோ, டீச்சரம்மா!" செல்லாயி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துவிட்டாள். "உப்ப இப்பவே போட்டீங்கன்னா தண்ணி வுட்டுக்கும்! அவலு குழைஞ்சி பூடும்! இலையில வெக்கச்சொல்லோ, கடைசியில இல்ல போடணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மறந்து பூடுதுன்னியே?" என்றார் தாமோதரன்.

செல்லாயி ஆதிலட்சுமியைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். இனி மறைத்துப் புண்ணியமில்லை என்று தெரிந்துவிட்டது.

"டீச்சரம்மா மேல தப்பில்லீங்க. அவங்க வேலைக்கு ஒண்ணும் பண்ணிடாதீங்க. மொத நாளே நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க, நாங்களும் மொத நாளே கத்துக்கினோம்."

"பின்னே எதுக்கு இந்த நாடகம்?"

"கத்துக்கினு இன்னா பண்றதுங்க? எங்க வூட்ல அவலு ஏது, பருப்பு ஏது? கத்துக்கினோம்னு சொன்னா மூட்டை பூடும். இதுங்களுக்கு ஒரு நாளைக்கி வவுத்துல வுழறது இது ஒண்ணுதான் சாமி."

தாமோதரன் ஆதிலட்சுமியிடம் திரும்பினார்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் சார். நாலாவது நாளே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் 'கற்றுக்கொள்ளவில்லை'ன்னு தினம் எழுதி அனுப்பினியா? பொய் ரிப்போர்ட்!"

ஆதிலட்சுமி, வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டு அரிவாள்மணையை மடக்கினாள்.

தாமோதரனுக்கு இன்னும் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கு வாயும் திறந்தார். வரிசையின் கடைசியில் ஒரு பெண்குழந்தை, இன்னும் எதுவுமே விழாத பூவரசு இலையைத் தூக்கி நாக்கால் நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

ஜீப்புக்குப் போய் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து, முன் மூடியின் மேல் வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். நகல் தாளைக் கிழித்து ஆதிலட்சுமியிடம் நீட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியில் ஏறினார்.

"போகலாம்பா," என்றார் டிரைவரிடம்.

புழுதி அடங்குவதற்குள் பெண்கள் ஆதிலட்சுமியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா எழுதிக்கீறாரும்மா?" என்றாள் செல்லாயி. "எங்களாலதான உங்களுக்கு இந்தக் கஷ்டம்?"

ஆதிலட்சுமி ஒருமுறை மனசுக்குள் படித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள்:

"சேவிகா திறமையாகக் கற்பிக்கிறார். வேலையை நிரந்தரம் செய்யலாம். ஆனால் இவ்வூர்ப் பெண்களுக்குப் பாடம் மண்டையில் ஏறவே இல்லை, நேரில் சோதித்தேன். ஏரிக்குத் தண்ணீர் வரும்வரை ஏறாது என்பது என் அபிப்பிராயம். அதுவரை தினமும் சாமான் அனுப்பவும்."