திரையில் விழுந்த கீறல்

தம்பி பாதியில் விட்டுப்போன ஆட்டத்தை, அவன் இறந்த பிறகு, அவனுடைய வீடியோ கேமில் தினமும் கொஞ்சம் ஆடுவாள் ஜெனிட்டா. அதன் திரையில் கீறல் விழுந்தபோது அவளைவிட அதிகம் பதறியவன் அவள் கணவன் ரூபன்தான். அவனே ரிப்பேர் கடைக்கு அழைத்துவந்தான்.

கடைக்காரர் திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “இது கீழ விழுந்த கீறல் இல்லம்மா. யாரோ ஆணியால அழுத்தி இழுத்திருக்காங்க. ஒரே இடத்துல, நாலஞ்சு தடவ.”

“வீட்டுல நாங்க ரெண்டு பேர்தானே அண்ணே” என்று சிரித்தபடி ஜெனிட்டா கணவனைப் பார்த்தாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இன்னும் எத்தன நாளைக்கு ஜெனி, அவன்கூடவே இருப்ப?”

புதுத் திரையில் தம்பியின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. வெளியே ரூபன் பைக்கைக் கிளப்பி, ஏறச் சொன்னான்.

அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.