பதினாறாவது தடவை

அக்ரமின் அறைச் சுவர்களில் மெத்தைகளைச் சாத்திவிட்டு, நண்பர்கள் மூவரும் பழைய சினிமாப் பாட்டொன்றைத் தங்கள் பாணியில் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ரிஸ்லானுக்கு நிக்காஹ். அதற்குள் பாட்டு முடியவேண்டும்.

"இன்னொருக்காப் பாடு மச்சான்," என்றான் அக்ரம், முழங்காலில் விரலால் தாளம் தட்டியபடி.

ரிஸ்லான் தலையாட்டிவிட்டு மறுபடியும் பாடினான். அது பதினைந்தாவது தடவை.

"என்ன பிழையெண்டு கேக்கவும் மாட்டான். பொஞ்சாதி குடுத்து வெச்சவதான்," என்று பர்ஸான் சிரித்தான்.

அக்ரம் ஒரு கடதாசித் துண்டை நீட்டினான். நிக்காஹ்வில் மாப்பிள்ளை சொல்லவேண்டிய வாசகம் அதில் இருந்தது.

"பாட்டு முதல் தரமே சரி மச்சான். மத்ததெல்லாம் தாளம் உன்ட உடம்பில ஏறத்தான். பாடக்குள்ள உனக்குத் திக்குறல்லயே. அதே தாளத்தில இதையும் சொல்லு."

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிறைந்திருந்தது. பெண்ணின் வாப்பா ரிஸ்லானின் கையைப் பிடித்து, இன்ன மஹர்ப் பணத்துக்கு மகளை மணமுடித்துத் தருவதாகச் சொல்லி முடித்தார். மைக் அவன் வாயருகே வந்தது. பள்ளிக்கூடத்தில் தன் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லி முடிக்காதவன், நிமிர்ந்து பார்த்தான். முன்வரிசையில் அக்ரமின் விரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது.

"அஸ்பியாவை இந்த மஹருக்கு மனைவியாக ஏற்றுக்கொண்டேன்."

ஒரு சொல்லும் தடக்கவில்லை.

எல்லோரும் கைகொடுத்துப் போனபின், ரிஸ்லான் அக்ரமைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்ல வாயெடுத்தான்.

"ஜ... ஜ... ஜஸா..."

"ஆறுதலாச் சொல்லு மச்சான்," என்றான் அக்ரம். "இப்ப மைக் இல்ல."