மஞ்சள் ஏறிய நகங்கள்

இணுவில் கலியாண வீட்டு அறைக்குள் மணப்பெண் கோபிகாவின் விரல்களை இறுகப் பிடித்திருக்கிறாள் தோழி மிரியம். நேற்று அவள் ஒட்டிவிட்ட வெள்ளைச் செயற்கை நகங்களில், காலை நீராட்டில் பூசிய மஞ்சள் அப்படியே ஏறிவிட்டது. தேவாலயத்துக்குப் போகும் வேதக்காரியான மிரியத்துக்கு, மணப்பெண்ணுக்கு மஞ்சள் பூசுவார்கள் என்பது நேற்று நினைவிலேயே இல்லை. மணப்பெண்ணை ஏற்றிப்போக வந்த கார் வாசலில் உறுமுகிறது. "விடடி, கையைப் பொத்திக்கொண்டு இருக்கிறன்," என்கிறாள் கோபிகா. "பொத்தின கையாலை மாலை போடப்போறியோ? ஆடாதை!" நக அரம் உரச உரச மஞ்சள் போகிறது, மினுக்கமும் போய் நகம் சுண்ணாம்பாய் வெளிறுகிறது. மிரியம் விடுவதாயில்லை. நகத்தை மினுக்கும் பஃபர் கட்டையின் வழவழப்பான பக்கத்தால் விரல் விரலாகத் தேய்க்கிறாள். கடைசிச் சுண்டுவிரல் நகத்தின் மினுக்கத்தில் யன்னல் கம்பியே தெரிகிறது. அந்நேரம் மஞ்சள் கிண்ணத்தோடு மாமி பூரணம் நுழைகிறார். "இன்னும் கொஞ்சம் பூசினால் நல்லது, பிள்ளை." கோபிகாவின் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொள்கிறாள் மிரியம். "நெத்தியிலை பூசுங்கோ, மாமி. கையிலை விடமாட்டன்!"