கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

காலையிலிருந்து கடன் வசூலிப்பவனின் அழைப்பு ஓயவில்லை. கடைசியில் மரகதம் போனை எடுத்து, கணவன் குமரகுரு எதிரில் நிற்கும்போதே, "அவர் தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டாள். மறுமுனையில் அவன், "நேர்ல வரேம்மா. துக்கம் கேக்காம இருக்க முடியாது" என்றான்.

அழைப்பு மணி அடித்ததும் குமரகுரு குளியலறைக்குள் புகுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தான். தினமும் குளிக்கப் போகும்போது செய்வதைப் போலவே மரகதம் நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவனுடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் சம்பங்கி மாலை. சுவரில் படத்தைத் தேடினான், இல்லை. மாலையை நாற்காலிமேல் வைத்தான்.

"அவரைக் கண்டபடி பேசிட்டேம்மா. என்னாலதான் போயிட்டாரோன்னு தோணுது. எப்படிம்மா ஆச்சு?"

மரகதம் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. என்னமாய் நடிக்கிறாள் என்று குமரகுரு உள்ளே வியந்தான். அழுகை ஓங்கியது. தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். வந்தவன் கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கையிலேயே தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

குமரகுரு வெளியே வந்தான். "போயிட்டான். போதும், எந்திரி."

அவள் நிறுத்தவில்லை. அவன் கண்ணாடியிலிருந்து பொட்டைப் பிய்த்து, விரல்நுனியில் ஏந்தி அவள்முன் குனிந்தான். மரகதம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நெற்றியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.